செத்த ஒயர்தான் உங்களுக்குக் கயிறு

கேள்வி: மொரிஷியஸின் கிரான் பேயில் நிறுத்தியிருக்கும் என் ஏழரை மீட்டர் ஃபைபர் படகு இருபது வருடப் பழசு. ஒலியால் ஆழம் பார்க்கும் சோனாரோடு சேர்ந்த சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் திரை) ஒன்றும், கடலில் பேச வி.எச்.எஃப். ரேடியோ ஒன்றும் புதிதாக வாங்கியிருக்கிறேன். கன்சோலிலிருந்து, அதாவது ஸ்டீயரிங் இருக்கும் மேடையிலிருந்து, பின்பக்கம் போகும் குழாயில் பழைய ஒயர்கள் அடைத்துக் கிடக்கின்றன, விரல்கூட நுழையவில்லை. தளத்தை அறுத்துத் திறக்கலாம், இல்லையென்றால் சோனார் கேபிளை வெட்டி, இழுத்த பிறகு ஒட்டுப் போடலாம் என்கிறார் மெக்கானிக். எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம், ஐயா.

தளத்துக்கு உள்ளே பெரும்பாலும் பிளைவுட்டோ பால்சா என்ற லேசான மரமோ இருக்கும். ஒருமுறை அறுத்துவிட்டால் அந்த விளிம்பு வழியாக ஈரம் இறங்கி, சில வருடங்களில் தளமே காலடியில் மெத்தென்று அமுங்கும். சோனார் கேபிளை வெட்டுவது இன்னும் மோசம். நம் பவளத்திட்டைத் தாண்டியதும் கடலடி சட்டென்று சரிந்துவிடுகிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து திரும்பும் எதிரொலி கேபிளில் மிகச் சிறிய மின்னழுத்தமாகத்தான் வருகிறது. அதைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலை வெட்டி ஒட்டினால், இன்ஜினின் மின் இரைச்சல் அந்த இடத்தில் புகுந்து திரை முழுக்கப் புள்ளியாகக் கொட்டும். உப்புத்தண்ணீரும் அதே ஒட்டைத்தான் தேடிவரும்.

உங்கள் குழாய் நிரம்பியிருப்பது வேலை செய்யாத ஒயர்களால் என்றுதான் நினைக்கிறேன். இருபது வருடப் படகில் பழைய சோனார், கழற்றிப் போட்ட ஸ்டீரியோ, எப்போதோ இருந்த விளக்கு என்று எல்லாவற்றின் ஒயரும் உள்ளேயே கிடக்கும். யாரும் உருவி எடுத்திருக்க மாட்டார்கள். முதல் வேலை அவற்றை அடையாளம் காண்பது. இருக்கைக்கடி மூடிகளைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயரின் இரு முனையையும் சோதித்து, இன்னும் ஏதாவது கருவிக்குப் பயன்படுபவற்றுக்கு இரண்டு பக்கமும் பெயர் எழுதி ஒட்டுங்கள். இதில் அவசரம் கூடாது. ஒருமுறை நான் செத்த ஒயர் என்று நினைத்து வேகமாக உருவியபோது, அதோடு பின்னிக் கிடந்த பில்ஜ் பம்ப்பின் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) ஒயரும் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு பெய்த மழையில் அந்தப் படகு பாதி நிரம்பி நின்றதைப் பார்த்த பிறகு, ஒட்டுச்சீட்டு இல்லாமல் நான் எந்த ஒயரையும் தொடுவதில்லை.

செத்தவற்றை ஒவ்வொன்றாக உருவுங்கள். கடைசி ஒன்றை மட்டும் வெறுமனே எடுக்காமல், அதன் வாலில் மூன்று மில்லிமீட்டர் நைலான் கயிறு இரண்டைக் கட்டி இழுங்கள். ஒன்று இன்றைய வேலைக்கு, மற்றொன்று எப்போதும் குழாயிலேயே இருக்க. உருவ ஒரு ஒயரும் கிடைக்கவில்லையா? மெல்லிய நூலில் பிளாஸ்டிக் பைத் துண்டைக் கட்டி ஒரு முனையில் வையுங்கள். மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்து, குழாயின் வாயில் இருக்கும் இடைவெளியைத் துணியால் அடைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும்.

சோனார் கேபிளைப் பின்பக்கத்திலிருந்து கன்சோலை நோக்கி இழுக்க வேண்டும். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் பின்பலகையில் இருக்கப்போகிறது, பிளக் முன்னால் போகவேண்டும். பிளக்கின் வெளி வளையம் கழலும் வகையென்றால் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், பருமன் குறையும். பிளக்கைப் பிளாஸ்டிக்கில் பொதிந்து டேப் சுற்றுங்கள். கயிற்றைப் பிளக்கில் கட்டாதீர்கள்! அதற்கு ஒரு சாண் பின்னால், கேபிளின் உடம்பில் நாலைந்து சுற்று சுற்றிக் கட்டி, முடிச்சிலிருந்து பிளக்கின் நுனிவரை டேப்பால் கூம்பாக்குங்கள். பாரம் கேபிளில் விழவேண்டும், உள்ளே இருக்கும் ஊசிகளில் அல்ல. வழுக்கலுக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போதும். கிரீஸ் வேண்டாம், அது ஒயரின் உறையைக் கெடுக்கும். இரண்டு பேர் தேவை: ஒருவர் பின்னாலிருந்து ஊட்ட, ஒருவர் முன்னாலிருந்து இழுக்க. சிக்கினால் பலம் காட்டாமல் ஒரு முழம் பின்னுக்கு விட்டு, கேபிளைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இழுங்கள்.

வி.எச்.எஃப். ஆன்டெனா கேபிளின் கதை வேறு. அதை அளவாக வெட்டி, முனையில் புது கனெக்டர் போடலாம், ஒழுங்காகப் போட்டால் குறையில்லை. அதனால் கனெக்டர் இல்லாமலே இழுத்துவிடுங்கள். சட்டென்று மடக்காதீர்கள், சோனார் கேபிளோடு சேர்த்தும் கட்டாதீர்கள். ஆன்டெனா இணைக்காமல் ரேடியோவின் பேசும் பட்டனை அழுத்தவும் கூடாது. சோனார் கேபிள் மிஞ்சினால் கன்சோலுக்குள் எட்டு வடிவில் தளர்வாக மடித்து வையுங்கள்.

மின்சார ஒயரில்தான் பலர் காசைச் சேமிக்கிறார்கள். நாம் கேங்காயெரி என்று சொல்லும் இரும்புக்கடையில் கிடைக்கும் வீட்டு ஒயர் கடலுக்கு ஆகாது. பூச்சில்லாத செம்பு இரண்டு மூன்று வருடத்தில் உறைக்குள்ளேயே கருத்துவிடும். ஈயப்பூச்சுள்ள பல இழை கடல் ஒயர் வாங்குங்கள். பேட்டரியிலிருந்து கன்சோல் 5 மீட்டர் என்றால் மின்சாரம் போய்வரும் தூரம் 10 மீட்டர். ரேடியோ 25 வாட்டில் பேசும்போது பிளாட்டரும் சேர்ந்து சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அப்போது சுமார் அரை வோல்ட் போய்விடும். மின்னணுக் கருவிகளுக்கு 3 சதவீதம், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட், அதற்கு மேல் இழக்கக்கூடாது. ஆகவே 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாதீர்கள். இல்லாவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பிளாட்டர் அணைந்து அணைந்து எரியலாம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். முனைகளை கிரிம்ப் செய்து (இடுக்கியால் நெரித்து இறுக்கி), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை, போடுங்கள். வெறும் சால்டரை நம்பாதீர்கள், படகின் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும்.

எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் கருவிகளை ஓடவிட்டுப் பாருங்கள், இன்ஜின் ஓடும்போதும் ஒருமுறை. பிறகு குழாயில் விட்ட அந்த இரண்டாவது கயிறு: குழாயின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வெட்டி, மிச்சத்தைச் சுருட்டி இரண்டு முனைகளையும் கட்டிவையுங்கள். அப்போதுதான் அடுத்த கேபிளை இழுத்த பிறகும் கயிறு உள்ளேயே இருக்கும்.