பைத்தான் டிக்ஷனரியில் கீ இல்லாவிட்டால்: எல்லா இடத்திலும் கெட் போட்டுவிடலாமா?

பைத்தானில் ஒவ்வொரு மதிப்பையும் கீ என்னும் ஓர் அடையாளத்தோடு சேர்த்து வைப்பது டிக்ஷனரி. பயனர் பதிவுகளை ஜேசன் என்னும் தரவு வடிவக் கோப்பிலிருந்து படித்துத் துறைவாரியாகத் தொகுக்கும் நிரலில், இல்லாத கீயைக் கேட்கும்போது எழும் கீஎரர் என்னும் பிழை அடிக்கடி வருகிறது, ஆகவே மதிப்பை எடுக்கும் சதுர அடைப்புக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கீ இல்லாவிட்டாலும் பிழை எழுப்பாத கெட் (get) என்று மாற்றிவிடலாமா என்று, நிரலையும் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். ஒரு கீ இல்லாமல் போனால் உங்கள் நிரலில் அதற்கு என்ன பொருள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த வழியைக் கையாள்வது என்பது அதற்குப் பிறகு பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

பயனர் எண் போல, இருந்தே தீர வேண்டிய கீ என்றால் சதுர அடைப்புக்குறியே சரி. அந்த எண் இல்லாத பதிவு ஒன்று வந்தால், நிரல் அதே வரியில் நின்று, இல்லாத கீயின் பெயரையும் சொல்லிவிடுவது நமக்கு நன்மைதான். அங்கே கெட் போட்டால் பிழை தீர்வதில்லை. 'நன்' என்னும் வெறுமை மதிப்பு சத்தமில்லாமல் நான்கைந்து ஃபங்ஷன்களைக் கடந்து போய், தொடர்பே இல்லாத ஓர் இடத்தில், மதிப்பின் வகை பொருந்தவில்லை என்னும் டைப்எரராக வெளிப்படும். கீயின் பெயரை நீங்களே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாலும் கெட் அதைக் காட்டிக்கொடுக்காது.

இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்னும் கீகளுக்குத்தான் கெட் பொருந்தும். அதற்குள் இரண்டாவதாக ஓர் இயல்பு மதிப்பைக் கொடுத்துவிட்டால், கீ இல்லாதபோது அது கிடைக்கும். டிக்ஷனரியில் புதிதாக எதுவும் சேராது. இயல்பு மதிப்பை அடைப்புக்குறிக்கு உள்ளே கொடுக்காமல், வெளியே 'ஆர்' (or, அதாவது 'அல்லது') போட்டு எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முறை, இணைப்பு தோற்றால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்பதைக் குறிக்கும் அமைப்புக்கு, கெட் எடுத்துத் தந்த மதிப்பின் பக்கத்தில் 'ஆர் 3' என்று எழுதியிருந்தேன். மறுமுயற்சியே கூடாது என்பதற்காக ஒருவர் அங்கே 0 என்று கொடுத்திருந்தார். பைத்தானில் 0, வெற்றுச் சரம், வெற்றுப் பட்டியல் எல்லாமே பொய்யாகக் கொள்ளப்படுவதால், அவர் கொடுத்த 0 மறைந்து 3 வந்து நின்றது. ஒரே கோரிக்கை திரும்பத் திரும்பப் போனது. கீ இருக்கிறது, மதிப்பும் சரியாக இருக்கிறது, ஆயினும் நிரல் அதைப் புறக்கணிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

உங்கள் தரவு ஜேசனிலிருந்து வருவதால் இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ஜேசனில் 'நல்' என்று இருக்கும் மதிப்பு பைத்தானில் 'நன்' ஆகிவிடும். அப்போது கீ இருக்கவே செய்கிறது என்பதால், கெட்டுக்கு நீங்கள் கொடுத்த இயல்பு மதிப்பு பயன்படாது. முகவரிக்கு இயல்பாக ஒரு வெற்று டிக்ஷனரியைக் கொடுத்து, அதன்மேல் இன்னொரு கெட் போட்டு ஊரை எடுக்கும் வரி இப்படித்தான், 'நன்' மதிப்பில் கெட் கிடையாது என்னும் ஆட்ரிபியூட்எரரில் முடியும். கீ இல்லாமையும் மதிப்பு 'நன்' ஆக இருப்பதும் உங்களுக்கு வேறுவேறு என்றால், 'இன்' கொண்டு கீ இருக்கிறதா என்று வெளிப்படையாகச் சோதித்துவிடுங்கள்.

துறைவாரியாகத் தொகுக்கும் பகுதியில், கீ இல்லையென்றால் ஒரு வெற்றுப் பட்டியலை அங்கே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். ஓரிரு இடங்களுக்கு, கீ இல்லாவிட்டால் நாம் கொடுக்கும் மதிப்பைச் சேர்த்துத் தரும் செட்டிஃபால்ட் போதும். மற்றபடி, 2006-இல் பைத்தான் 2.5-உடன் வந்த டிஃபால்ட்டிக்ட் இதற்கென்றே உள்ளது. லிஸ்ட் என்பதை அதனிடம் கொடுத்துவிட்டால், புதிய துறை வரும்போது வெற்றுப் பட்டியலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் சதுர அடைப்புக்குறியால் எட்டிப் பார்த்தாலே அந்தக் கீ உள்ளே சேர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று துறைகள் உள்ள தொகுப்பில் இல்லாத ஒரு துறையை அச்சிட்டுப் பாருங்கள். வெற்றுப் பட்டியல் அச்சாகும், அடுத்த வரியில் நீளம் கேட்டால் 4 என்று வரும். கெட்டோ 'இன்' சோதனையோ அவ்வாறு சேர்ப்பதில்லை. ஆகவே தொகுத்து முடித்ததும் அதைச் சாதாரண டிக்ஷனரியாக மாற்றிய பிறகே அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுப்பது என் வழக்கம். எண்ணிக்கை மட்டும் வேண்டுமானால் கவுண்டர் இருக்கிறது. இல்லாத கீக்கு அது 0 தரும், எதையும் சேர்க்காது.

டிரை பகுதியில் எழும் பிழையை எக்செப்ட் பகுதி பிடித்துக்கொள்ளும்; இவற்றை வைத்துக் கீஎரரைப் பிடிப்பதிலும் தவறில்லை, ஆனால் டிரைக்குள் அந்த மதிப்பை எடுக்கும் ஒரே வரிதான் இருக்க வேண்டும். நீங்கள் காட்டியுள்ள நிரலில், பதிவைச் செயலாக்கும் ஃபங்ஷனின் அழைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ஃபங்ஷனுக்குள் வேறொரு டிக்ஷனரியில் எழும் கீஎரரையும், துறை இல்லாத பதிவு என்று எண்ணி உங்கள் நிரல் தாண்டிச் சென்றுவிடும். முதலில் அந்த அழைப்பை டிரைக்கு வெளியே எடுத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். இதுவரை கண்ணில் படாத கீஎரர் ஏதேனும் இருந்தால் அப்போது வெளியே வரும்.