கடற்கரை மணலில் ஓடும் ஸ்மார்ட் பிக்கப் வடிவமைக்க என்னென்ன சென்சார் வேண்டும்?

கல்லூரி புராஜெக்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். மணலில் வண்டி ஓட்டியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பக்கி ரிப்பேர் செய்பவன். பிக்கப்புக்கு இங்கே அதுதான் பேர். இன்ஜினியர் இல்லை, "உனக்கென்ன தெரியும்" என்று வருகிறவர்கள் முதலிலேயே வந்துவிட்டுப் போகலாம். ஆனால் என் மாமா வீட்டார் தலைமுறையாகக் கரைவலை இழுப்பவர்கள். ஜூன், ஜூலையில் தென்கரைப் பக்கம் சாடின் (மத்தி மீன்) கூட்டம் வந்தால் கடையை மூடிவிட்டு நானும் போய்விடுவேன்.

ஒரு சீசனில் வலைக்குழுவில் ஒருத்தர் புதுப் பக்கி கொண்டுவந்தார். முன்னால் பெரிய திரை. மீன் பெட்டிகளை ஏற்றிக் கிளப்பியதும் பின்சக்கரம் சுழன்றது. உடனே, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிட்டது. தார் ரோட்டில் அது நல்ல குணம், மணலிலோ வேகம் செத்தால் வண்டி உட்கார்ந்துவிடும். மணலுக்கென்று தனி மோட் இருக்கத்தான் செய்தது, மெனுவுக்குள் எங்கேயோ. மனுஷன் ஈரக்கையால் தேய்க்கிறார், விரலில் இருந்த செதில் திரையில் ஒட்டுகிறதே தவிர மெனு நகரவில்லை. அலை ஏறிக்கொண்டிருந்தது. மாமா எதுவும் கேட்கவில்லை. வால்வு மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் ஊசியை அழுத்தி, நாலு டயரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் ஆகும் வரை காற்றை இறக்கினார். டயர் தட்டையாகி நீளவாக்கில் மணலைப் பிடித்தது. வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்துவிட்டார்.

ஆகவே முதல் வேலை, சீட்டில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி. ராணுவ வண்டிகளில் பல வருடமாக இருக்கிறது. மணல் மோடுக்குத் திருகும் குமிழ் வையுங்கள், திரைக்குள் புதைக்காதீர்கள். காற்று குறைவாக இருக்கும்போது வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். உங்கள் கம்ப்யூட்டர் எச்சரிக்க வேண்டிய இடம் அதுதான். ஜிபிஎஸ்ஸோடு அலை நேரத்தையும் சேர்த்து, "இனி திரும்பு" என்று சொல்ல வைத்தால் அதற்கு நானே காசு கொடுப்பேன்.

அடுத்தது உப்பு. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு பிளக், ஒவ்வொரு பிளக்கும் உப்புத் தண்ணீர் புகும் வாசல். கரைக்குப் போய்வரும் பக்கியின் சக்கர சென்சார் பிளக்கைத் திறந்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிரும். சென்சாரைக் குறையுங்கள், இருப்பதைத் தண்ணீர் புகாமல் நன்றாக அடைத்து மூடுங்கள், சேஸில் நல்ல தண்ணீர் அடித்தால் வடிய ஓட்டை விடுங்கள். விளம்பரத்தில் வண்டி அலைக்குள் பாய்கிறது, துருவோடு வாரண்டி கேட்டுப் போனால் "கடற்கரையில் ஓட்டினீர்களா?" என்று கையை விரிக்கிறார்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்தது. கடை பேர் வேண்டாம், இன்னும் வயிற்றெரிச்சல்.

சூழல் ஆர்வலர்கள் என்மேல் பாய வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2002 ஜனவரியிலிருந்து பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை. தொழிலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எனக்கும் அது சரியென்றே படுகிறது. டர்பனுக்கு வடக்கே சூலுலாந்துக் கரையில் பெருந்தலை ஆமையும் தோல்முதுகு ஆமையும் முட்டையிடுகின்றன. சக்கரத் தடத்தில் விழுந்த குஞ்சு ஏறி வரத் திணறும். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடை கலந்து டர்பன் கடற்கரைகளையே மூடினார்களே, அப்போது எங்கள் ஆட்களின் பிழைப்பைப் பற்றி யார் கேட்டார்கள்? சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

எவ்வளவு பாரம் ஏற்றுவதாகக் கணக்கு என்று எழுதவில்லையே. சொன்னால் பின் ஸ்பிரிங் பற்றியும் எழுதுகிறேன்.