வணிக ஒப்பந்தமும் தொழிற்சங்கமும் – கடிதம்

வணக்கம்.

வணிக ஒப்பந்தங்களில் தொழிலாளர் உரிமைக்கான ஷரத்துகள் வேண்டும் என்று தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். நம் ஏற்றுமதியை முடக்கப் பணக்கார நாடுகள் கண்டுபிடித்த வழி அல்லவா அது? உலக வணிக அமைப்பின் 1996 சிங்கப்பூர் மாநாட்டிலேயே இந்தியா எதிர்த்ததே. வெளிநாட்டு அரசாங்கமா வந்து நம் தொழிலாளிக்குச் சம்பளம் வாங்கித் தரும்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் மெக்சிகோவில் நடந்ததைப் பாருங்கள்.

சிலாவ் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் டிரக் ஆலை இருக்கிறது. சுமார் 6,000 தொழிலாளர்கள். அங்கே சங்கம் இருந்தது, நிர்வாகத்துக்கு இணக்கமான சங்கம். அந்த நாட்டில் இது பழைய நோய். தொழிலாளியைக் கேட்காமலே சங்கத் தலைவர்கள் ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே 1994இல் வந்த நாஃப்டா வணிக ஒப்பந்தத்தோடும் தொழிலாளர் நலனுக்கென்று துணை ஒப்பந்தம் ஒன்று வந்தது. சங்கம் வைக்கும் உரிமை பறிக்கப்பட்டால் அதன்படி அமைச்சர்கள் கூடிப் பேசலாம், அவ்வளவுதான்.

2020 ஜூலையில் நாஃப்டாவின் இடத்தில் புதிய ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் விடாமல் நெருக்கியதால் அதில் ஒரு புதிய வழி சேர்ந்தது: உரிமை மீறல் எந்த ஆலையில் நடக்கிறதோ, அந்த ஆலையின் சரக்குக்கு மட்டும் வரிச்சலுகையை நிறுத்தலாம். நாடு முழுவதையும் தண்டித்தால் அடி தொழிலாளி மேல்தான் விழும். இங்கே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் விழுகிறது.

2021 ஏப்ரலில், பழைய ஊதிய ஒப்பந்தம் தொடரலாமா என்று சிலாவில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டிருப்பதை மெக்சிகோ அரசின் ஆய்வாளர்களே கண்டுபிடித்து நிறுத்தினார்கள். மே மாதம் அமெரிக்கா புதிய விதியைக் கையில் எடுத்தது. ஆகஸ்டில் மறுவாக்கெடுப்பு, பழைய ஒப்பந்தம் தோற்றது. 2022 பிப்ரவரியில் சின்டியா என்ற சுயேச்சைச் சங்கம் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வாக்குகள் பெற்று வென்றது. அதன் தலைவர் அலெஹாந்த்ரா மொராலெஸ் அதே ஆலைத் தொழிலாளி. வாக்கெடுப்புக்கு முன் அவருக்கு மிரட்டல் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. அந்த மே மாதமே 8.5 சதவீத ஊதிய உயர்வு பேசி வாங்கினார்கள்.

வாஷிங்டன் வாக்குப்பெட்டியைக் காப்பாற்றியது. சம்பளத்தை வாங்கியது சங்கம். உள்ளே அமைப்பாகத் திரண்டவர்கள் இல்லையென்றால் அந்த ஷரத்து வெறும் காகிதம்தான்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். இதே விதியை மெக்சிகோ அமெரிக்க ஆலைகள் மேல் பயன்படுத்துவது மிகக் கடினம். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இது அநியாயம்.

2025இல் பிரிட்டனுடன் நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் தொழிலாளர் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் தகராறு தீர்க்கும் ஏற்பாட்டுக்கு வெளியே அதை வைத்துவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பின்னலாடைக்கு வரிச்சலுகை கிடைக்கும். சங்கம் சேர்ந்ததற்காக வேலையிழக்கும் தையல்காரப் பெண் அந்த அத்தியாயத்தைக் காட்டி அந்தச் சலுகையை நிறுத்த வைக்க முடியாது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஆலை அளவிலான புகார் முறையை, இரு நாடுகளையும் சமமாகக் கட்டுப்படுத்தும் வடிவில், நம் சங்கங்களே கேட்க வேண்டும்.