சேவல் வான்கோழிகள் மட்டும் சாவது ஏன்?

கேள்வி: முன்பு பன்றிக் கொட்டகை இருந்த இடத்தில் வான்கோழி வளர்க்கிறேன். ஐந்து மாதச் சேவல்கள் ஏழு, நான்கே நாளில் செத்துவிட்டன. அலகின் மேல் தொங்கும் சதை கருநீலமாக வீங்கியிருந்தது. பெட்டைகள் நன்றாக இருக்கின்றன. என்ன நோய்?
– வாசகர், தருமபுரி

பதில்: எரிசிபெலஸ் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தப் பாக்டீரியாவுக்குப் பன்றிதான் தாய்வீடு. நோயே இல்லாத பன்றியின் டான்சிலிலும் இருக்கும். சாணத்தோடு வெளியேறி மண்ணில் தங்கும். பருவத்துக்கு வரும் சேவல்கள் சண்டை போடும்போது முதலில் கிழிவது அந்தத் தொங்குசதைதான். புண் வழியே புகும் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், காலையில் மேய்ந்த பறவை மாலையில் இருக்காது. பெட்டைகள் தப்பியது சண்டை போடாததால்தான். எதிர்ப்புச் சக்தி என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கோழிக் காலராவும் பறவைக் காய்ச்சலும் இப்படியே திடீரென்று கொல்லும். அதனால் வீட்டில் வைத்து அறுத்துப் பார்க்க வேண்டாம். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் கேட்டால், புதிதாகச் செத்த பறவையை இரட்டை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்வார்கள்.

உறுதியானால் மருந்து பென்சிலின். கிலோ எடைக்கு 22,000 யூனிட் வரை ஊசியாகப் போடுவது வழக்கம். அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். நோயுற்ற பறவை தண்ணீர் குடிக்காது என்பதால், தண்ணீரில் மட்டும் மருந்து கலப்பது வீண். கடையில் கொடுக்கும் ஜென்டாமைசினும் சல்பா மருந்துகளும் இந்தக் கிருமியிடம் பலிக்காது. மருத்துவர் சொல்லும் நாள் கழியும்வரை இறைச்சிக்கு விற்காதீர்கள்.

எச்சம் கிடக்கும் தரையில் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. கூளத்தை வாரி எரித்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே பிளீச்சிங் கரைசல் தெளிக்க வேண்டும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. பழைய பன்றிக் கொட்டகை இடத்தைக் கைவிடுவதே நல்லது. அடுத்த தொகுதியில், பொரித்த முதல் நாளே குஞ்சின் தொங்குசதையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். மூன்று வாரம் தாண்டினால் கத்தரிக்கோல் தேவைப்படும், ரத்தமும் வரும். வேகவைக்காத மீன் கழிவைத் தீனியாகப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மீனின் வழுவழுப்பிலும் இந்தக் கிருமி உண்டு.

கேள்வி: செத்த பறவையைத் தூக்கிய என் மனைவிக்கு மூன்றாம் நாள் விரல் வீங்கி எரிகிறது. தொடர்பு உண்டா?
– அதே வாசகர்

பதில்: உண்டு. கறிக்கடைக்காரர்களுக்கும் மீன் வெட்டுபவர்களுக்கும் வருவதுதான் இது. ஊதா நிறத்தில் விளிம்பு தெளிவாகத் தெரியும், சீழ் இருக்காது, வலி மட்டும் வீக்கத்துக்குப் பொருந்தாத அளவுக்கு இருக்கும். இன்றே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். செத்த வான்கோழியைத் தொட்டதை மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண நகச்சுற்று என்று கீறிவிடுவார்கள். காய்ச்சலோ மூச்சு வாங்குவதோ இருந்தால் தாமதிக்காதீர்கள்; அரிதாக இதய வால்வையும் பிடிக்கும். இனி கையுறை இல்லாமல் யாரும் தூக்க வேண்டாம்.