பிரதேச சபையில் தினக்கூலிக்குக் குப்பை அள்ளும் என் அண்ணனுக்கு நட்டஈடு கிடைக்குமா?

அண்ணனின் கையில் கண்ணாடி வெட்டி விரல் மடங்காமல் போய்விட்டது, நிரந்தர நியமனம் இல்லாததால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். இலங்கையின் 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் முக்கியமாகப் பார்ப்பது, வேலையின்போது வேலை காரணமாகக் காயம் வந்ததா என்பதைத்தான். சபைமீது தவறு இருப்பதாக நிரூபிக்கத் தேவையில்லை. சபை காப்புறுதி எடுத்திருக்கிறதோ இல்லையோ, கொடுக்கவேண்டிய பொறுப்பு சபைக்குத்தான். கொந்தராத்துக்காரர் மூலம் வேலை செய்தாலும் சபையை விட்டுவிடாமல் கேளுங்கள்.

நம் பக்கத்தில் பலர் கோட்டைவிடுவது ஆதாரத்தில். ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லிவிடுவார்கள், மேற்பார்வையாளர் கோபிப்பார் என்ற பயம். அப்படித் துண்டில் எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. என்ன வேலையில், எந்த இடத்தில் நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அன்றைய வரவுப் பதிவின் படம், கூட வேலை செய்த இருவரின் பெயர், சபைச் செயலாளருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். சபை இழுத்தடித்தால் நட்டஈட்டு ஆணையாளரிடம் முறையிடலாம். வழி தெரியாவிட்டால் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

அப்புறம், அங்கு வேலை செய்யும் மற்றவர்களின் பாதுகாப்புக்காகவும் சபையிடம் கேளுங்கள். நனைந்த உரப்பைக்குள் உடைந்த போத்தல் கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய ரப்பர் கையுறை அதைத் தாங்காது. தடித்த கையுறை வேண்டும். ஏற்றத்தில் ட்ரெக்டரை நிறுத்தினால் டயருக்குக் கட்டை வைத்த பிறகே பெட்டிக்குப் பின்னால் ஆள் போகவேண்டும்.