தரம் 4 பிள்ளைக்கு ரோபோட்டிக்ஸ் வகுப்புக்காகக் காப்பை அடகு வைக்கலாமா?

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் மகளோடு வந்தார்கள். பிள்ளை தரம் 4. "இங்க எல்லாப் பிள்ளையளும் ரோபோட்டிக்ஸ் படிக்குதுகள், இவளை இப்பவே விடாட்டிப் பிந்திப்போகும்" என்று கனடாவிலிருந்து பெரியம்மா ஓயாமல் சொல்கிறாராம். மூன்று மாதம் ஒரு வகுப்புக்கு விட்டிருக்கிறார்கள். அடுத்த கட்டத்துக்குக் கட்டணமும் பாகங்கள் அடங்கிய பெட்டியும் சேர்த்தால் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. காப்பை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்டார்.

வேண்டாம் அம்மா. கடன் பட்டுப் படிப்பிக்கிற வயது இதுவல்ல.

ஒன்பது வயதில் கிடைக்கும் சான்றிதழை வைத்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு எடுக்க மாட்டார்கள். உயர்தரப் பரீட்சையில் எடுக்கும் இசட் புள்ளிதான் (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திய மதிப்பு) அங்கே கணக்கு. அதற்கு இன்னும் ஒன்பது வருடம் கிடக்கிறது. பெரியம்மாவின் அன்பு பெரிதுதான், ஆனால் அவசரம் அவருடையது, பிள்ளையுடையது அல்ல.

பிள்ளையிடம் கேட்டேன். "கழற்றிப் பார்க்கத்தான் எனக்கு விருப்பம். சேர் கழற்ற விடமாட்டார்" என்றாள். வீட்டு மணிக்கூட்டைக் கழற்றி ஏச்சு வாங்கியவளாம். எனக்கு அந்தப் பதில் போதும்.

செய்யவேண்டியது இதுதான். உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து மோட்டரை எடுங்கள். இல்லாவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்பொருள் கடைகளில் கேளுங்கள். இரண்டு பென் டோர்ச் பற்றரி, கொஞ்சம் வயர், சின்னதாக, பாரமில்லாத ஒரு பிரஷ். மோட்டரின் அச்சில் அழிறப்பர் துண்டொன்றை நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்தி, எல்லாவற்றையும் பிரஷின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வயரைத் தொடுத்ததும் பாரம் ஒரு பக்கமாகச் சுழன்று பிரஷை உலுக்கும். தும்புகள் வளைந்து நிமிர, பிரஷ் தரையில் ஓடத் தொடங்கும்.

அப்புறம் அவளிடம் விட்டுவிடுங்கள். வயரை மாற்றித் தொடுத்தால் மோட்டர் எந்தப் பக்கம் சுற்றும்? அழிறப்பரை இன்னும் வெளியே தள்ளினால்? தும்பை ஒரு பக்கம் சாய்த்தால்? ஒவ்வொன்றையும் செய்யமுன் என்ன நடக்குமென்று கொப்பியில் எழுதட்டும், செய்தபின் நடந்ததை எழுதட்டும். விஞ்ஞானம் என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஓடாவிட்டால் அப்பா வாங்கித் திருத்திக் கொடுக்கக் கூடாது. எங்கே தொடுப்பு விட்டது என்று அவளே தேடவேண்டும்.

அது அலுத்ததும் இரண்டு மோட்டர், இரண்டு ஸ்விட்ச் வைத்த அட்டை வண்டி. இரண்டும் ஓடினால் நேரே போகும், ஒன்றை நிறுத்தினால் திரும்பும். வீதி வெட்ட வரும் சங்கிலிச் சக்கர இயந்திரமும் இப்படித்தான் திரும்புகிறது. "சுவர் வந்தால் தானாக நிற்குமா?" என்று ஒருநாள் கேட்பாள். சுவரை அறியும் உணரியும், என்ன செய்யவேண்டுமென்று சொல்லும் நிரலும் அன்றைக்குத்தான் தேவை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருள் இலவசம். அதில் பழகிவிட்டு மைக்ரோபிட் போன்ற, நிரல் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிப் பலகைக்குப் போகலாம். அந்தக் கேள்வி வரமுன் பெட்டி வாங்கினால் படத்தைப் பார்த்துப் பூட்டுவதோடு முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொத்தான் பற்றரி வீட்டுக்குள் வேண்டாம். தம்பிக்கு இரண்டு வயது என்றீர்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பழைய போன் பற்றரியையும் திறக்க விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

காப்பு கையில் இருக்கட்டும். ஞாயிறு பின்னேரம் ரியூசன் வைக்காமல் ஸ்குரூ டிரைவரை மகளிடம் கொடுங்கள். பெரியம்மா அடுத்த முறை வீடியோ அழைப்பில் வரும்போது, பிரஷ் ஏன் ஓடுகிறது என்று அவளே அவருக்கு விளங்கப்படுத்தட்டும்.