ஃப்ரன்ட் டிரெய்லியர் கேள்வி பதில்: உரசலும் கழன்று விழும் செயினும்

கேள்வி: சைக்கிளில் எந்த கியர் போட்டாலும், முன்பக்கம் கியர் மாற்றும் டிரெய்லியரின் கேஜில் (செயினைத் தள்ளும் இரு தகடுகளில்) செயின் உரசுகிறது. இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்ததில் இன்னும் மோசமாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். டிரெய்லியர் ஃப்ரேமில் உட்கார்ந்திருக்கும் உயரமோ கோணமோ பிசகியிருந்தால், ஸ்க்ரூவில் ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் கெடும். உயரம், கோணம், எல் ஸ்க்ரூ (கேஜ் உள்ளே போகும் எல்லை), கேபிள், எச் ஸ்க்ரூ (கேஜ் வெளியே போகும் எல்லை) என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

செயினைச் சின்ன செயின்ரிங்குக்கு (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) இறக்கிவிட்டு, கேபிள் போல்ட்டைத் தளர்த்திக் கேபிளை விடுவியுங்கள். கேஜைக் கையால் வெளியே தள்ளி, வெளித்தகடு பெரிய செயின்ரிங் பற்களுக்கு நேர் மேலே வரும்படி பிடியுங்கள். பல் நுனிக்கும் தகட்டின் கீழ்விளிம்புக்கும் நடுவில் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். 2 மி.மீ. ஆலன் கீயைச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லாப் பல்லும் ஒரே உயரம் இல்லை, அதனால் உயரமான பல்லில் அளக்கவும்.

பிறகு மேலிருந்து பாருங்கள். வெளித்தகடும் செயின்ரிங்கும் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரெய்லியரை ஃப்ரேம் குழாயில் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்புங்கள். மறுபடி முறுக்கும்போது போல்ட்டோடு டிரெய்லியரும் சற்றுத் திரும்பிவிடும். பலருக்கும் கோணம் தப்புவது இந்த இடத்தில்தான். ஒரு கையால் கேஜை அழுத்திப் பிடித்துக்கொண்டே முறுக்குங்கள். வழக்கமான அளவு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். கார்பன் ஃப்ரேம் என்றால் அதற்குச் சொல்லப்பட்ட அளவைத் தாண்டவே கூடாது.

இப்போது எல் ஸ்க்ரூ. முன்னால் சின்னது, பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம். செயினுக்கும் உள்தகட்டுக்கும் அரை மி.மீ. இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம். வலப்புறம் திருகினால் கேஜ் வெளியே நகரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும்.

ஷிஃப்டரை (கியர் மாற்றும் லீவர்) கடைசி வரை இறக்கி, பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுத்து, கேபிளை இழுத்துப் பிடித்து போல்ட்டை முறுக்குங்கள். நாலைந்து முறை கியர் மாற்றினால் கேபிள் உறைகள் தத்தம் இடத்தில் உட்கார்ந்து கேபிள் தொய்யும். மறுபடி இழுத்துக் கட்டவும். கடைசியாக முன்னால் பெரியது, பின்னால் மிகச் சிறியது போட்டு, வெளித்தகட்டுக்கும் அதே அரை மி.மீ. வரும்படி எச் ஸ்க்ரூவைத் திருகுங்கள்.

கேள்வி: டிரெய்லியரை 1 மி.மீ. இறக்கினேன். முறுக்கியதும் பழைய உயரத்துக்கே போய் நிற்கிறது.

பதில்: கிளாம்ப் பழைய தடத்தில் போய் விழுகிறது. குழாயில் படிந்த அழுக்கையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கையால் புதிய இடத்தில் அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

கேள்வி: பெரிய செயின்ரிங்குக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. எச் ஸ்க்ரூவை ஏறக்குறைய முழுக்கத் தளர்த்திவிட்டேன்.

பதில்: ஸ்க்ரூவின் வேலை கேஜைத் தடுப்பது மட்டும்தான், அது கேஜை இழுக்காது. சைக்கிளை ஸ்டாண்டில் வைத்துப் பெடலைச் சுற்றிக்கொண்டே, ஃப்ரேமின் கீழ்க்குழாயில் வெளியே ஓடும் கேபிளைக் கையால் குழாயைவிட்டு விலக்கி இழுங்கள். செயின் ஏறினால் கேபிளில் இழுவிசை போதவில்லை: பேரல் அட்ஜஸ்டரை வெளியே எடுங்கள், அதுவும் போதாவிட்டால் கேபிளை மறுபடி கட்டுங்கள். அப்படி இழுத்தும் ஏறாவிட்டால் எச் ஸ்க்ரூ, உயரம், கோணம் மூன்றில் ஒன்று.

இழுத்தால் ஏறுகிறது, இறங்கும்போது மட்டும் தாமதம் என்றால் கேபிள் உறைக்குள் துரு, அல்லது பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டியில் மண். கேபிளையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் உறைதான் போட வேண்டும். சுருள்கம்பி வைத்த பிரேக் உறை அழுத்தத்தில் சுருங்கும், கியர் நிலைக்காது. இந்தக் குழப்பம் முடிந்ததும் எச் ஸ்க்ரூவை மறக்காமல் பழையபடி வையுங்கள், இல்லாவிட்டால் செயின் வெளியே விழுந்து கிராங்கில் (பெடல் கையில்) மாட்டும்.

கேள்வி: சின்னதுக்கு இறக்கும்போது செயின் உள்பக்கம் ஃப்ரேமுக்கும் செயின்ரிங்குக்கும் நடுவே விழுகிறது.

பதில்: எல் ஸ்க்ரூவை வலப்புறம் கால் சுற்று. இடைவெளி ஏற்கெனவே சரியாக இருந்தும் விழுகிறதென்றால், கேஜ் உயரம் கூடியிருக்கிறதா, செயின் நீளம் அதிகமா என்று பாருங்கள். பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது முன்னால் இறக்காதீர்கள், செயின் ஏற்கெனவே உள்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் வைத்து, மிதியின் அழுத்தத்தைக் குறைத்து இறக்குங்கள்.

கேள்வி: பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒரே ஒரு தடவை உரசல்.

பதில்: டிரெய்லியர்மேல் பழி இல்லை. கேஜின் விளிம்பைக் கண்ணால் குறிவைத்துக் கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். பற்கள் ஓரிடத்தில் மட்டும் கேஜை நெருங்கினால் செயின்ரிங் கோணியிருக்கிறது, அல்லது செயின்ரிங் போல்ட் தளர்ந்திருக்கிறது. கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா? அப்படியென்றால் பேரிங்கைக் கவனியுங்கள்.

கேள்வி: சின்னது-சின்னது (முன்னாலும் பின்னாலும் சின்னது) போட்டால் மட்டும் உரசுகிறது.

பதில்: அந்த கியரைத் தவிர்த்துவிடுங்கள். அதைச் சரிசெய்யப் போனால் தேவையான கியர்கள் கெடும்.

கேள்வி: கேஜ் வளைந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

பதில்: லேசான வளைவை இடுக்கியால் நிமிர்த்தலாம். முறுகியிருந்தாலும் மூட்டுகளில் ஆட்டம் இருந்தாலும் மாற்றுவதுதான் சரி. வாங்கும் முன் குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்: கிளாம்ப்கள் 28.6, 31.8, 34.9 மி.மீ. அளவுகளில் வரும். கேபிள் மேலிருந்து இழுக்கிறதா கீழிருந்தா, செயின்ரிங் இரண்டா மூன்றா, பின்னால் எத்தனை பல்சக்கரம், இவையெல்லாம் பொருந்த வேண்டும். பெரிய செயின்ரிங்கின் பல் எண்ணிக்கையையும் சொல்லி வாங்குங்கள். 50 பல்லுக்கு வளைத்த கேஜை மிகச் சிறிய செயின்ரிங்கின் மேல் வைத்தால் முன்பக்கம் ஒட்டியிருக்கும், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.